சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு

பட்டாபிராமில் காலை ஏழு மணிக்குக் கடை திறந்தால் முதலில் வருகிறவர்கள் காய்ச்சலுக்கோ தலைவலிக்கோ வருவதில்லை. வயிற்றுக்கு வருகிறார்கள். சென்ட்ரல் பக்கம் போகும் லோக்கலைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் ஒருவர் ஈனோ பாக்கெட்டை வாங்கி, கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலிலேயே கொட்டிக் குலுக்கிக் குடித்துவிட்டு ஓடுவார். அடுத்து ஆவடி ஆலைகளில் ஜெனரல் ஷிப்ட் பார்ப்பவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். வீட்டு வேலை முடித்த பெண்கள் பதினொரு மணிக்கு மேல் வருவார்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவர்கள் மாலை நான்கு மணிக்கு. இரவு ஒன்பதரைக்கு மேல் வருகிறவர்கள் ஒற்றை மாத்திரை கேட்பதில்லை, முழு அட்டையாக வாங்கிப் போவார்கள்.

பெரும்பாலும் நாற்பது தாண்டியவர்கள், அறுபதைத் தொடாதவர்கள். நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், சாப்பிட்டதும் வயிறு கல்லாக இருப்பது, காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மூன்று முறை கக்கூஸுக்கு ஓடுவது, அல்லது நான்கு நாள் போகாமலே இருப்பது. மாத்திரையை வாங்கி, மீதிச் சில்லறைக்குக் கையை நீட்டும்போதுதான் இரண்டாவது விஷயம் வரும். "உடம்புல சத்தே இல்லக்கா. எந்நேரமும் அசதியா இருக்கு. அப்படியே ஒரு பி காம்ப்ளக்ஸ் அட்டையும் போட்டுடுங்க." வயிறும் அசதியும் சேர்ந்தே வருவதை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவருகிறேன். அவற்றைத் தனித்தனியாக மாத்திரை போட்டுத் தீர்க்க முடியாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொண்ணூறுகளில் டி.ஃபார்ம் படித்தவள். தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு பெற்று, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது மாமனார் ஒரு சிறிய கடை வைத்திருந்தார். அப்போது வயிற்றுக்கு என்று தனி வரிசை கிடையாது. ஜெலுசில், டைஜீன், ரேன்டாக், அவ்வளவுதான். ஓமத் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். பிறகு ஓமிபிரசோல் கேப்ஸ்யூல் வந்தது, அதன்பின் பான்டோபிரசோல், ரேபிபிரசோல், அவற்றோடு டோம்பெரிடோன் சேர்த்த கலவைகள். இப்போது ஒரு அலமாரியின் மூன்று தட்டுகள் முழுக்க இவைதான். ரேன்டாக்கில் இருக்கும் ரேனிடிடின் மருந்தில் புற்றுநோய் அபாயமுள்ள என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருப்பதாக 2019 செப்டம்பரில் உலகமெங்கும் செய்தி வந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதைச் சந்தையிலிருந்து முழுவதுமாக விலக்கச் சொன்னது. அந்த மாதங்களில் பலர், "இத்தனை வருஷமா நாங்க முழுங்கினது என்னக்கா?" என்று பயந்துபோய் வந்தார்கள். அந்தப் பயம் அவர்களை மாத்திரையிலிருந்து விலக்கவில்லை. ஒரு அட்டையிலிருந்து இன்னொரு அட்டைக்கு மாற்றியது.

பான்டோபிரசோல் சீட்டில்லாமல் தரக்கூடாத ஷெட்யூல் எச் மருந்து. ஆனால் ஊரில் அதைச் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. இரைப்பையின் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் செல்களில் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. வயிறு காலியாக இருக்கும்போது அவற்றில் பெரும்பாலானவை ஓய்ந்திருக்கும், உணவு உள்ளே போனதும் வேலையைத் தொடங்கும். வேலை செய்துகொண்டிருக்கும் பம்பை மட்டும்தான் இந்த மருந்தால் பிடித்து நிறுத்த முடியும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. மாத்திரை குடலில் கரைந்து ரத்தத்தில் கலக்கும் நேரமும், இட்லி இரைப்பைக்குள் இறங்கும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு நெஞ்சு எரியும்போது போட்டால் அன்றைக்குப் பெரிய பயன் இருக்காது. முழுப் பலன் தெரியவே மூன்று நான்கு நாள் ஆகும். உடைத்தோ பொடித்தோ போட்டால் மேலே இருக்கும் பூச்சு போய், மருந்து அமிலத்திலேயே வீணாகிவிடும்.

இதையெல்லாம் நான் ஒவ்வொருவரிடமும் சொல்வேன். சொல்லும்போது ஒரு கேள்வி தானாக வரும். "காலைல எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" அங்கேதான் பேச்சு நின்றுவிடும். பலருக்குக் காலைச் சாப்பாடே கிடையாது. ஐந்தரைக்கு ஒரு காபி, எட்டு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் ஒரு டீயும் பிஸ்கெட்டும், பதினொன்றுக்கு இன்னொரு டீ, மதியம் இரண்டரைக்கோ மூன்றுக்கோ ஆறிப்போன சோறு. இரவு பத்தரைக்கு வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வயிறு நிறைய ஒரு சாப்பாடு, உடனே படுக்கை. அரை மணி நேரம் முன்பு என்றால், எந்தச் சாப்பாட்டுக்கு முன்பு? மருந்தின் விதி அவர்கள் நாளில் நுழைய இடமே இல்லை. ஒருவருடைய வயிற்றைப் பற்றி அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலிருந்து எனக்குத் தெரியவந்தது பல பரிசோதனைச் சீட்டுகளிலிருந்து தெரியவந்ததைவிட அதிகம்.

கவலைக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. நம் பாட்டிமார் "கவலையோட சாப்பிட்டா உடம்புல ஒட்டாது" என்றுதான் சொன்னார்கள். எக்ஸ் கதிர் கண்டுபிடித்து ஓரிரு வருடங்களிலேயே, 1890களின் கடைசியில், ஹார்வர்டில் மாணவராக இருந்த வால்டர் கேனன் பூனைகளுக்குக் கதிரில் தெரியும்படி உணவு கொடுத்து அவற்றின் இரைப்பை அசைவதைப் பார்த்தார். பூனை பதறியவுடன் அந்த அசைவு நின்றது, அமைதியானதும் மறுபடி தொடங்கியது. ஆபத்து என்று உடம்பு நினைத்தால் ரத்தத்தைக் கை கால்களுக்கு அனுப்பும், செரிமானத்தை ஒத்திப்போடும். புலி துரத்தினால் அது சரிதான், ஓடி முடித்ததும் அடங்கிவிடும். வீட்டுக் கடன் தவணையும் மகளின் கல்லூரிக் கட்டணமும் மாமியாரின் டயாலிசிஸும் அப்படி அடங்குவதில்லை. குடலுக்கென்று கோடிக்கணக்கான நரம்பணுக்கள் கொண்ட தனி வலைப்பின்னல் உண்டு. அது மூளையோடு ஓயாமல் பேசுகிறது. பதற்றம் நீடிக்கும்போது சாதாரணமாக உருளும் காற்றுகூட வலியாக உணரப்படுகிறது. வலி உண்மையானது, குடலில் புண் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் ஊருக்கு நெருக்கமான ஓர் ஆராய்ச்சி உண்டு. ரயில்வே மருத்துவராக இருந்த எஸ்.எல். மல்ஹோத்ரா, நாடு முழுவதும் உள்ள ரயில்வே ஊழியர்களிடையே வயிற்றுப் புண் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று ஆராய்ந்து 1964-ல் 'கட்' என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ஒரே நிர்வாகம், ஒரே மாதிரி வேலை, எல்லோருக்கும் மருத்துவப் பதிவு. அப்படியிருந்தும் தெற்கே அரிசி சாப்பிடுகிறவர்களிடம் புண் அதிகமாகவும், வடமேற்கே கோதுமை ரொட்டி சாப்பிடுகிறவர்களிடம் குறைவாகவும் இருந்தது. ரொட்டியை மென்றே ஆக வேண்டும், மெல்லும்போது உமிழ்நீர் ஊறும், குழம்பும் ரசமும் ஊற்றிப் பிசைந்த சோறு மெல்லாமலே இறங்கிவிடும் என்பது அவருடைய விளக்கம். அது முழு விடை இல்லை என்பது பின்னால் தெரிந்தது. 1984-ல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் என்ற மருத்துவர் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று அதுவரை சொல்லிவந்தது பெருமளவு மாறிப்போனது.

ஆனாலும் மல்ஹோத்ரா சொன்னதை நான் விடவில்லை. நின்றுகொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் ஒரு டிபன் பாக்ஸை முடிக்கிறவர்களிடம் மென்று சாப்பிடச் சொல்வது இன்றும் நான் தரும் அறிவுரைகளில் செலவில்லாதது. கூடவே விழுங்கும் காற்று குறைந்தாலே பாதி ஏப்பம் அடங்கிவிடும்.

கிருமிக்கான மருந்து இப்போது ஒரே பெட்டியாக வருகிறது. இரண்டு ஆன்டிபயாடிக், ஒரு அமில மாத்திரை. பெரும்பாலும் 14 நாள். வாயெல்லாம் கசக்கும், வயிறு கலக்கும். ஐந்தாவது நாளே, "வலி போயிடுச்சுக்கா, மீதியைத் திருப்பி எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டு வருவார்கள். பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை அதே மருந்து கேட்காது. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும். உயரட்டும். இன்னொன்று: அந்தக் கிருமி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யப் போகிறவர்கள் அமில மாத்திரையை இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

மருந்துக்கடைக்காரருக்கு நோயைக் கண்டுபிடிக்கும் உரிமை இல்லை. ஆனால் யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு மதியம் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வாயுப் பிடிப்பு என்று மாத்திரை கேட்டார். நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. இடது தாடை வலிக்கிறது என்றார். அவரை உட்காரவைத்து 108-க்குப் போன் செய்தேன். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், இன்றும் கடைக்கு வருகிறார். நெஞ்சு இறுக்கம், வேர்வை, தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, படி ஏறினால் கூடுவது, இவை இருந்தால் என் கடையில் ஜெலுசில் கிடைக்காது, ஆம்புலன்ஸ்தான். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மந்தமாகவும் அசதியாகவும்கூட மாரடைப்பு வரலாம்.

அதேபோல், எந்த முயற்சியும் இல்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது உணவு அடைப்பது, தார் மாதிரி கறுத்த மலம், ரத்த வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, சோகை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முதன்முதலாக இப்படி வயிறு மாறினால் அதைக் கவலையின் கணக்கில் எழுதக் கூடாது. சென்னை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் முன்வரிசையில் இருப்பதை அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் பதிவேடு பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறது. அமில மாத்திரை அந்த வலியையும் சில மாதங்களுக்கு மறைத்துவிடும் என்பதுதான் என்னை மிகவும் உறுத்தும் விஷயம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுப்பாகப் போகும். அதனால் பயப்படும் முன் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

அந்தக் கேள்விக்கு வரும் பதில்களே ஒரு தனிப் படிப்பு. தையல் வேலை செய்யும் ஒரு பெண், நாற்பத்திரண்டு வயது இருக்கும். நாள் முழுக்க மிஷினில் குனிந்து முதுகு வலிக்கு டைக்ளோபினாக். அதனால் வயிறு எரிய, அதற்குப் பான்டோபிரசோல். அசதிக்கு வைட்டமின். மூன்றையும் மூன்று வெவ்வேறு கடைகளில் வாங்கிக்கொண்டிருந்தார், மூன்றையும் இணைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை. வலி மாத்திரைதான் இரைப்பைச் சுவரின் பாதுகாப்பை அரிக்கிறது என்று சொல்லி, ஆவடி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருந்தது. முதுகுக்கு உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார்கள், மிஷினுக்கு முன்னால் இருக்கும் ஸ்டூலின் உயரத்தை மாற்றச் சொன்னார்கள். வலி மாத்திரை நின்றதும் எரிச்சல் நின்றது. இரும்புச் சத்து ஏற நாளானது, ஏறியதும் அசதியும் போனது.

மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். அது ஆரம்பத்தில் வயிற்றை உப்பவைக்கும், சிலருக்குப் பேதியாகும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டாலோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மருத்துவர் மாற்றிக்கொடுத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். அமில மாத்திரையும் நாள்பட்டால் பி12-ஐக் குறைக்கும். இரண்டையும் சேர்த்துப் பல வருடம் சாப்பிட்டு, சைவமாகவும் இருந்துவிட்டால்? கால் மரத்துப்போகிறது, ஞாபகம் தப்புகிறது, எழுந்து நிற்க முடியவில்லை என்று வருகிறார்கள். வயசாகிவிட்டது என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஐம்பத்திரண்டு ஒரு வயதா? நாற்பதைத் தாண்டிய அசதிக்கு முன்னால் நான்கு பரிசோதனை உண்டு: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மனச்சுமையைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் வரும்.

பேசித்தான் ஆக வேண்டும். 2021 அக்டோபர் 1 அன்று பாதுகாப்புத் துறையின் ஆலைகள் அரசுத் துறையிலிருந்து பொதுத்துறை நிறுவனங்களாக மாறின. டாங்கி செய்யும் ஹெச்.வி.எஃப். ஒரு நிறுவனத்தின் கீழும், சீருடை தைக்கும் ஓ.சி.எஃப். இன்னொன்றின் கீழும் போயின. ஊரில் வீட்டுக்கொருவர் அங்கே வேலை பார்த்தவர்களோ பார்ப்பவர்களோ இருக்கும் பகுதி இது. பென்ஷன் என்ன ஆகும், பதவி உயர்வு என்ன ஆகும் என்ற பேச்சு டீக்கடையிலிருந்து என் கவுன்டர் வரை வந்தது. கொரோனாவின் இரண்டாம் அலை முடிந்து மூச்சு விடும் நேரம் அது. முதல்முறையாகப் பல ஆண்கள், "தூக்கம் வரலக்கா" என்று என்னிடம் சொன்னார்கள். பகல் நேரத்தில் கூட்டம் இல்லாத வேளையாகப் பார்த்து வருவார்கள். வயிற்றுப் பேச்சில் தொடங்கி அங்கே வந்து சேர்வார்கள். வயிறு சரியில்லை என்று சொல்வதில் ஓர் ஆணுக்குக் கூச்சமில்லை, மனசு சரியில்லை என்று சொல்ல நம் ஊரில் இடம் குறைவு.

இந்த இடத்தில் ஒரு மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளோர்டயசெபாக்சைடு கலந்த வயிற்று மாத்திரைகள் சில உண்டு. குடல் பிடிப்பும் விடும், மனமும் லேசாகும். அதனாலேயே ஒருமுறை சாப்பிட்டவர்கள் மறுபடி கேட்பார்கள், பழகிவிடும். அது ஷெட்யூல் எச்1. யார் எழுதினார்கள், யார் வாங்கினார்கள், எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் தர மாட்டேன் என்றால் கோபித்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கோபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இதற்கு நேர்மாறாக நல்ல மருந்து ஒன்றை வேண்டாம் என்று திருப்பித் தருகிறவர்களும் உண்டு. குடல்நோய் மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் போடச் சொல்லி எழுதியிருப்பார். வீட்டில் பிள்ளைகள் போனில் பெயரைத் தேடிப் பார்த்து, "இது மனநோய் மாத்திரையாமே, டாக்டர் என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாரா?" என்று அட்டையோடு திரும்பி வருவார்கள். மனச்சோர்வுக்கு அதைப் பல மடங்கு அதிக அளவில் தருவார்கள், இவ்வளவு சிறிய அளவில் குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் வலிச் செய்தியைத் தணிக்கத் தருகிறார்கள் என்று உட்காரவைத்து விளக்குவேன். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு இது பயன்படுவதாக இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் லான்செட் இதழில் வந்தது. வாய் உலரும், முதலில் கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருக்கும், இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். விளக்கிய பிறகு பெரும்பாலானவர்கள் எடுத்துப் போகிறார்கள். மருந்துக்கடையில் என் படிப்பு முழுமையாகப் பயன்படும் நேரம் அது என்று நினைக்கிறேன்.

என் வயிறும் நாற்பத்தெட்டு வயதில் பேச ஆரம்பித்தது. மாதவிலக்கு தள்ளிப்போய் நிற்கும் காலம், இரவில் வேர்த்து எழுந்தால் திரும்பத் தூக்கம் வராது. எங்கள் தொழிலில் அப்போது வேறொரு கலக்கமும் இருந்தது. ஆன்லைனில் இருபது சதவீதம் தள்ளுபடி என்று வந்துவிட்டது. 2018 செப்டம்பர் 28 அன்று நாடு முழுக்க மருந்துக்கடைகள் அடைத்துப் போராடினோம். நிரந்தர வாடிக்கையாளர்களின் பி.பி., சுகர் சீட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மகன் பன்னிரண்டாவது. எனக்குச் சாப்பிட்ட உடனே வயிறு உப்பிக்கொள்ளும், மாலை ஐந்து மணிக்கு மேல் ஸ்டூலிலிருந்து எழ மனம் வராது. மருத்துவர் எண்டோஸ்கோப்பி பார்த்தார், ஒன்றுமில்லை. ஸ்கேன், ஒன்றுமில்லை. பி12 மட்டும் குறைவு, ஊசி போட்டுக்கொண்டேன், கால் எரிச்சல் போனது. உப்புசம் போகவில்லை.

ஒன்றுமில்லை என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். வலி இருக்கும்போது ஒன்றுமில்லை என்றால் நம்மை நம்பவில்லை என்று தோன்றும். என்னைப் பார்த்த மருத்துவர் அந்தச் சொல்லோடு நிறுத்தாமல், குடல் ஒழுங்காக இருக்கிறது, அது இயங்கும் விதம்தான் தடுமாறுகிறது என்று சொல்லி, நாள் முழுவதையும் மணிக்கணக்காக எழுதிவரச் சொன்னார். இரண்டு வாரம் எழுதினேன். மதியச் சாப்பாடு ஒருநாள் இரண்டு மணி, ஒருநாள் நான்கு, சில நாள் இல்லவே இல்லை.

காரணம் சோம்பலும் இல்லை, அலட்சியமும் இல்லை. பதிவு பெற்ற பார்மசிஸ்ட் கடையில் இருக்கும்போதுதான் மருந்து கொடுக்கலாம் என்பது 1948-ஆம் வருடப் பார்மசி சட்டம். கணவர் பில் போடலாம், ஸ்டாக் எடுக்கலாம், சீட்டு மருந்தை அவர் கொடுக்கக்கூடாது. நான் சாப்பிடப் போனால் கடை நின்றுவிடும். அப்படியென்றால் அரை மணி நேரம் கடை நிற்கட்டும் என்று முடிவு செய்தோம். மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை உணவு நேரம் என்று அட்டையில் எழுதி ஷட்டரைப் பாதி இறக்கினோம். அவசர மருந்து வேண்டுமானால் இன்னொரு தெருவில் இருக்கும் கடைக்குப் போகலாம் என்றும் எழுதினோம். அந்தக் கடையின் பார்மசிஸ்டும் என்னைப் போல நாற்பதைத் தாண்டியவர்தான். நாங்கள் சாப்பிடும் நேரத்தில் அவர் திறந்திருப்பார், அவர் இரண்டிலிருந்து இரண்டரை வரை சாப்பிடுவார். போட்டிக் கடை என்று சிலர் தடுத்தார்கள். வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மற்ற மாற்றங்கள் சின்னச் சின்னவை. காலை காபியை வெறும் வயிற்றில் குடிக்காமல் இட்லிக்குப் பிறகு தள்ளினேன். இரவுச் சாப்பாட்டைக் கடைக்கே வரவழைத்து எட்டு மணிக்குள் முடித்தேன், படுக்கப் போக மூன்று மணி நேரம் இடைவெளி கிடைத்தது. மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதற்குப் பதில் கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளை. ராஜ்மா, காலிஃபிளவர், பச்சை வெங்காயம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது, விட்டேன். சாம்பாரையும் மோரையும் விடவில்லை, அவை எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாதது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளும், அதனால் ஊருக்கெல்லாம் ஒரே பத்தியப் பட்டியல் எழுதித் தர நான் தயாராக இல்லை. சீரகத் தண்ணீரும் சுக்கும் குடித்தேன், இதமாக இருந்தது. காலை ஆறு மணிக்கு இந்துக் கல்லூரிப் பக்கம் நடை. அங்கே நடக்கும் பெண்களோடு பேச்சு. வயிற்றுக்கு நடையா பேச்சா எது மருந்தாக இருந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. படுக்கும் முன் வயிறு மேலெழும்பும்படி மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடும் பயிற்சியை மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். மூச்சை நீட்டி விடும்போது, செரிமானத்தைத் தூண்டும் வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது. மூன்று மாதத்தில் உப்புசம் பாதியானது. ஒரு வருடத்தில் எப்போதாவது வரும் விருந்தாளி ஆனது. அசதி போக அதைவிட நாளானது. தூக்கம் திரும்பிய பிறகுதான் அது முழுதாகப் போனது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு கவுன்டரில் நான் பேசும் முறை மாறியது. அமில மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களிடம் எதற்காக, எப்போது யார் எழுதியது என்று கேட்கிறேன். இதய நோய்க்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறவர்கள், உணவுக்குழாயில் கடுமையான புண் வந்தவர்கள், இவர்கள் தொடர வேண்டியிருக்கும், தாங்களாக நிறுத்தக்கூடாது. மற்றவர்களில் பலருக்கு நான்கிலிருந்து எட்டு வாரம் போதும். எட்டு வருடமாகச் சாப்பிட்டு வந்தவர்களும் உண்டு, அந்தப் பழைய சீட்டில் எழுதியிருந்தது ஒரு மாதத்துக்குத்தான். டோம்பெரிடோன் கலந்த வகையை நீண்ட நாள் தொடர்வது இதயத் துடிப்புக்கு நல்லதல்ல என்று ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2014-லேயே எச்சரித்திருக்கிறது. அதை ஒரு வாரத்துக்கு மேல் கேட்டால் மருத்துவரிடம் திரும்ப அனுப்புகிறேன்.

சட்டென்று நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்கும். இரண்டு வாரமோ அதற்கு மேலோ நெஞ்சு எரியும். பழைய நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்கிறார்கள். மருத்துவரைக் கேட்டு அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, எரியும் நாளில் மட்டும் ஆன்டாசிட் சிரப் இரண்டு ஸ்பூன் என்று இறங்கலாம். தலைமாட்டுப் பக்கம் கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்திக்கொள்ளலாம், வெறும் தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். இடதுபக்கம் சாய்ந்து படுக்கலாம்.

தூக்கமில்லை, யாரிடமும் பேச முடியவில்லை என்று சொல்கிறவர்களுக்கு 14416 என்ற எண்ணை எழுதித் தருகிறேன். டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. மாத்திரைக் கவரின் பின்பக்கத்தில்தான் எழுதுவேன். தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

2024 நவம்பரில் இங்கே இருபத்தோரு மாடி டைடல் பார்க் திறந்தார்கள். ஊருக்கு நல்லது, சென்னைக்குள் இரண்டு மணி நேரம் பயணம் செய்து களைத்த நம் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே வேலை. அங்கிருந்து கடைக்கு வருகிறவர்களுக்கு முப்பதும் முப்பத்தைந்தும்தான் ஆகிறது. கேட்பது அதே மாத்திரை, அமெரிக்க நேரத்தில் வேலை, இரவு ஒரு மணிக்குச் சாப்பாடு. நாற்பத்தைந்தில் நான் பார்த்ததைப் பத்து வருடம் முன்னாலேயே பார்க்கிறேன். இவர்கள் சொன்னால் கேட்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதல். போனில் அலாரம் வைத்துக்கொள்கிறார்கள், மாத்திரைக்கு ஒன்று, அரை மணி கழித்துச் சாப்பாட்டுக்கு ஒன்று. இரண்டாவது அலாரத்தை மட்டும் மாத்திரை முடிந்த பிறகும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன்.